உலக அரசியலும் தாம்பரத்துச் சட்டையும்

(தாம்பரத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைய வகுப்பின் தலைப்பைப் படித்ததும் பின்வரிசையில் ஒரு தோழர் சிரித்தார். "சர்வதேச உறவுகள் பற்றிய கொள்கைகள்" என்றால், நாற்று நடுகிறவனுக்கும் மிஷின் ஓட்டுகிறவனுக்கும் இது எதற்கு என்று அவர் நினைத்திருக்கலாம். அவர்மேல் தப்பில்லை. இது டில்லியில் இருக்கிற பெரிய மனிதர்கள் பேச வேண்டிய விஷயம் என்றே நமக்கு வெகு காலமாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே நான் புத்தகத்திலிருந்து ஆரம்பிக்கப் போவதில்லை. ஒரு சட்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

தாம்பரம் சானடோரியம் பக்கத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி, 1984-ல் மத்திய சர்க்கார் ஏற்றுமதிக்கென்று ஒரு தொழில் வளாகம் அமைத்தது. "மெப்ஸ்" என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும். ஷிப்டு விட்டதும் கையில் சாப்பாட்டுப் பையோடு சானடோரியம் ஸ்டேஷனுக்கு ஓடுகிற பெண்களை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அவர்களில் பலர் தைக்கிற சட்டை இந்த ஊர்க் கடைக்கு வருவதில்லை. கப்பலேறிப் போகிறது.

2025 ஆகஸ்ட் 7-ந் தேதி, இந்தியாவிலிருந்து போகும் சரக்குகள்மேல் அமெரிக்க சர்க்கார் 25 சதவிகிதம் வரி போட்டது. அதே மாதம் 27-ந் தேதி இன்னும் ஒரு 25 சதவிகிதம் சேர்த்தது. மொத்தம் 50. இரண்டாவது வரிக்குச் சொன்ன காரணம் என்ன? இந்தியா ருஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறது என்பதுதான். திருப்பூரில் அமெரிக்க ஆர்டர்கள் நிறுத்தி வைக்கப்பட்ட செய்தியைப் பத்திரிகைகளில் படித்தோம்.

எண்ணெய் வாங்கியது யாரோ. சண்டை நடப்பது உக்ரைனில். வரி விழுந்ததோ இங்கே தைத்த சட்டையின்மேல். எண்ணெய்க்கும் சட்டைக்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்விக்கு உலகத்தில் ஐந்து விதமான பதில்கள் உண்டு. ஒவ்வொரு பதிலுக்குப் பின்னாலும் ஒரு கொள்கை இருக்கிறது, அதை எழுதிய அறிஞர்கள் இருக்கிறார்கள். ஐந்தையும் ஒவ்வொன்றாகக் கேட்போம். கேட்டுவிட்டு, எது எதைக் காட்டுகிறது, எது எதை மறைக்கிறது என்று நாமே உரசிப் பார்ப்போம்.

பலமே பேசும் என்பவர்கள்

முதல் பதில் சொல்பவர்களுக்கு யதார்த்தவாதிகள் என்று பெயர். அவர்கள் சொல்வது இது: ஊரில் இரண்டு பேருக்குச் சண்டை வந்தால் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது, கோர்ட்டு இருக்கிறது. நாடுகளுக்கு மேலே போலீஸ் கிடையாது. ஆகவே ஒவ்வொரு நாடும் தன் பலத்தைத்தான் நம்ப வேண்டும். பலமுள்ளவன் செய்வான், இல்லாதவன் பொறுத்துக் கொள்வான்.

இது பழைய எண்ணம். கி.மு. 416-ல் ஏதென்ஸ் நகரத்துப் படை மீலோஸ் என்ற சின்னத் தீவை அடிபணியச் சொன்ன கதையை, கிரேக்க சரித்திர ஆசிரியர் துசிடிடீஸ் எழுதி வைத்தார். நம் நாட்டில் அர்த்தசாஸ்திரம், அடுத்த ராஜ்யத்து அரசன் பகைவன், அவனுக்கு அடுத்தவன் நண்பன் என்று வட்டம் போட்டுக் காட்டியது. நம் காலத்தில் 1948-ல் ஹான்ஸ் மார்கென்தாவும், 1979-ல் கென்னத் வால்ட்ஸும் அமெரிக்காவில் இதைச் சாஸ்திரமாகவே எழுதினார்கள்.

இவர்களைச் சட்டென்று ஒதுக்கிவிட முடியாது. ருஷ்ய எண்ணெயை இந்தியாவைவிட அதிகமாக வாங்கியது சீனா. ஆனால் 2025 ஆகஸ்டில் அந்த எண்ணெய் வரி சீனாவின்மேல் விழவில்லை. ஏன்? அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கா வரியை ஏற்றியபோது சீனா பதிலுக்கு வரி போட்டது. மின்சார மோட்டார்களுக்கும் ஆயுதங்களுக்கும் வேண்டிய அரிய உலோகங்களின் ஏற்றுமதியையும் இறுக்கிப் பிடித்தது. அடிக்கத் திருப்பி அடிப்பவனிடம் கை தயங்குகிறது. யதார்த்தவாதி இதைத்தான் சொல்வார்.

பெரியவர்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் இருக்கும். அமெரிக்கக் கோதுமை. 1956-ல் பி.எல். 480 என்ற ஒப்பந்தப்படி அது வர ஆரம்பித்தது. 1965-லும் 1966-லும் மழை பொய்த்தது. 1966-ல் மட்டும் சுமார் 1 கோடி டன் தானியம் வெளியிலிருந்து இறக்க வேண்டி வந்தது. அப்போது ஜான்சன் சர்க்கார் கோதுமையை மொத்தமாக அனுப்பவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்படி அனுப்பியது. வியட்நாமில் குண்டு போடுவதை இந்தியா கண்டித்தது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. பசியும் ஓர் ஆயுதம்தான் என்பதை அப்போது உலகம் பார்த்தது.

சரி, இந்தப் பதிலில் என்ன குறை? நாடு என்பதை ஒரே ஆளாக இது நினைக்கிறது. "இந்தியா விரும்பியது", "இலங்கை ஒப்புக்கொண்டது" என்று பேசும். நாட்டுக்குள் யார் விரும்பினார், யாரைக் கேட்டார்கள் என்று பார்க்காது.

இலங்கை மலைத்தோட்டத் தொழிலாளர் கதையைப் பாருங்கள். இவர்கள் நம் ஜில்லாக்களிலிருந்து வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைக்கும் காப்பிக்கும் கொண்டு போகப்பட்ட விவசாயக் கூலிகளின் சந்ததி. 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-ந் தேதி சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக் கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும். மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம். அந்த மீதியை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள்.

மந்தை பிரிக்கிற மாதிரிப் பிரித்தார்கள். கொழுந்து கிள்ளிய கைகளைக் கேட்கவில்லை. எத்தனையோ குடும்பங்களில் அண்ணன் ஒரு நாடு, தங்கை ஒரு நாடு ஆயிற்று. யதார்த்தவாதியின் புத்தகத்தில் இது இரண்டு சர்க்கார்கள் சுமுகமாகத் தீர்த்துக்கொண்ட பிரச்சினை. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களுக்கு அது என்ன?

வியாபாரமும் சட்டமும் என்பவர்கள்

இரண்டாவது பதில் தாராளவாதிகளுடையது. நாடுகள் ஒன்றோடொன்று வியாபாரம் செய்தால், பொதுச் சட்டம் வைத்துக்கொண்டால், பொது சபை வைத்துக்கொண்டால் சண்டை குறையும் என்பது இவர்கள் நம்பிக்கை. 1795-ல் ஜெர்மன் தத்துவ ஞானி கான்ட் நிரந்தர சமாதானத்தைப் பற்றி எழுதினார். 1918-ல் அமெரிக்க ஜனாதிபதி வில்சன் பதினான்கு அம்சத் திட்டம் கொடுத்தார். 1920-ல் சர்வதேச சங்கம், 1945-ல் ஐக்கிய நாடுகள் சபை, 1995-ல் உலக வர்த்தக அமைப்பு எல்லாம் இந்த வழியில் வந்தவை. 50 சதவிகித வரியைப் பற்றிக் கேட்டால், "விதியை மீறிய காரியம், எல்லோரும் விதிப்படி நடந்தால் தீரும்" என்று இவர்கள் பதில் சொல்வார்கள்.

வியாபாரம் இருந்தால் யுத்தம் வராதா? 1914-க்கு முன்னால் பிரிட்டனும் ஜெர்மனியும் ஏராளமாக வியாபாரம் செய்து கொண்டிருந்தன. அந்த ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தருகே வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. வியாபாரம் அதைத் தடுக்கவில்லை.

சட்டமாவது எல்லோருக்கும் சமமா? ஆலைத் தொழிலாளர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். 1919-ல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் தன் முதல் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை. உலகமே கொண்டாடிய ஒப்பந்தம். ஆனால் அதற்குள்ளேயே பிரிட்டிஷ் இந்தியாவுக்கென்று ஒரு தனி ஷரத்து வைத்தார்கள்: இங்கே வாரத்துக்கு 60 மணி! லண்டன் தொழிலாளியின் முதுகு 48 மணியில் வலிக்குமாம், சென்னைத் தொழிலாளியின் முதுகு 60 மணி தாங்குமாம். 48 மணி இந்தியாவில் சட்டமாக 1946-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சட்டைக்கும் அதே கதை. சுதந்திர வியாபாரம் என்று உபதேசம் செய்த பணக்கார நாடுகள், 1974 முதல் 2004 முடிய, ஏழை நாடுகள் இவ்வளவு துணிதான் அனுப்பலாம் என்று கோட்டா வைத்திருந்தன. 2005-ல்தான் அது எடுபட்டது. உலக வர்த்தக அமைப்பின் அப்பீல் மன்றத்துக்குப் புது நீதிபதிகளை நியமிக்க அமெரிக்கா சம்மதிக்காததால், 2019 டிசம்பரில் அந்த மன்றம் முடங்கிப் போயிற்று. ஆகவே 2025-ல் வரி விழுந்தபோது முடிவாகத் தீர்ப்புச் சொல்ல ஆளில்லை.

இருந்தாலும் தோழர்களே, சட்டமே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அநியாயமான அந்த 60 மணிகூட, அதற்குமேல் வாங்காதே என்று சொல்ல ஒரு பிடி கொடுத்தது. பலவானுக்குச் சட்டம் இல்லாமலே நடக்கும். இல்லாதவனுக்குத்தான் சட்டம் வேண்டும். அது தானாக வருமா, வந்தால் நிற்குமா என்பதே கேள்வி.

உழைப்பு எங்கே, லாபம் எங்கே என்பவர்கள்

மூன்றாவது பதில் இந்த வட்டத்தில் பலருக்கும் பழக்கமானது. நாட்டைப் பார்க்காதே, நாட்டுக்குள்ளும் நாடுகளுக்கிடையிலும் ஓடுகிற மூலதனத்தைப் பார் என்கிறது அது. இந்தியாவின் செல்வம் எப்படி வடிந்து போகிறது என்று 1901-ல் தாதாபாய் நௌரோஜி கணக்குப் போட்டுக் காட்டினார். 1916-ல் லெனின் ஏகாதிபத்தியத்தைப் பற்றி எழுதினார். 1950-ல் அர்ஜெண்டைனா பொருளாதார நிபுணர் ரால் பிரெபிஷ், மூலப்பொருள் விற்கிற நாடு யந்திரம் விற்கிற நாட்டிடம் காலப்போக்கில் நஷ்டப்படுகிறது என்று காட்டினார். 1974-ல் இம்மானுவேல் வாலர்ஸ்டீன், உலகமே ஒரே சந்தை, அதில் மையம் உண்டு, ஓரம் உண்டு என்றார்.

மையம், ஓரம் என்றால் என்ன? தாம்பரத்திலிருந்து ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன் குரோம்பேட்டை. குரோம் லெதர் கம்பெனியால் வந்த பெயர் அது. அந்தக் காலத்தில் சென்னை ராஜதானி முழுவதும் ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்டார்கள். அரைப்பதம் போட்ட தோல் லண்டனுக்குப் போகும். அங்கே பூட்சாகும், பையாகும். உள்நாட்டில் மாடு உரித்தவனுக்கும், சுண்ணாம்புக் குழியில் நின்று கால் வெந்தவனுக்கும் கூலி. பூட்சின் லாபம் லண்டனுக்கு. முதல் உலக யுத்தத்தில் ராணுவப் பூட்சுக்காக இந்தத் தோல் வியாபாரத்தையே சர்க்கார் தன் கைக்குள் கொண்டுவந்தது. 1919-ல் பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு 15 சதவிகித வரி போட்டு, பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குள்ளே பதனிடப்படும் தோலுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கைத் தள்ளுபடி செய்தார்கள். வரி என்பது அன்றும் ஆயுதம்தான்.

அன்றைய தோலைப் போலத்தான் இன்றைய சட்டை. தைப்பது இங்கே. பெயர்ச் சீட்டும் விலைச் சீட்டும் அங்கே தீர்மானமாகின்றன. வரி ஏறினால் வாங்குகிற கம்பெனி விலையைக் குறை என்கிறது. இங்குள்ள முதலாளி ஓவர்டைமில் கை வைக்கிறான், ஆளைக் குறைக்கிறான். டில்லிக்கும் வாஷிங்டனுக்கும் வந்த தகராறு, கடைசியில் மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவளின் கூலியில் வந்து இறங்குகிறது. இந்தப் பாதையை மற்ற எந்தக் கொள்கையும் இவ்வளவு தெளிவாகக் காட்டுவதில்லை.

ஆனால் நம் கண்ணாடியிலும் கீறல் உண்டு, அதை மறைக்கக் கூடாது. தொழிலாளி தொழிலாளியைச் சுடமாட்டான் என்று நம்பினார்கள். 1914 ஆகஸ்ட் 4-ந் தேதி ஜெர்மன் சோஷலிஸ்டுக் கட்சி பார்லிமெண்டில் யுத்தச் செலவுக்குக் கை தூக்கியது. சோஷலிஸ்டு நாடுகளுக்குள் யுத்தம் வராது என்றார்கள். 1969-ல் உசூரி நதிக்கரையில் சோவியத் படையும் சீனப் படையும் சுட்டுக்கொண்டன. 1979-ல் சீனப் படை வியட்நாமுக்குள் நுழைந்தது. ஓரத்தில் இருப்பவன் ஓரத்திலேதான் கிடப்பான் என்றார்கள். தென் கொரியா அப்படிக் கிடக்கவில்லை. தேசம் என்ற உணர்ச்சியின் பலத்தை இந்தக் கொள்கை பல தடவை குறைத்து எடை போட்டது.

எண்ணமே உறவை ஆக்குகிறது என்பவர்கள்

அந்தக் குறையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் நான்காவது கூட்டம். அலெக்ஸாண்டர் வென்ட் என்பவர் 1992-ல் எழுதிய கட்டுரை இதில் பிரசித்தம். பகை இயற்கை இல்லை, நட்பும் இயற்கை இல்லை. நாடுகள் ஒன்றையொன்று என்னவாக நினைக்கின்றனவோ அப்படியே உறவு அமைகிறது என்பது இவர்கள் வாதம். பிரிட்டனிடம் எத்தனையோ அணுகுண்டுகள் உண்டு, அமெரிக்கா பயப்படுவதில்லை. வட கொரியாவிடம் அதைவிடக் குறைவாகவே உண்டு; அமெரிக்கா அலறுகிறது. குண்டு ஒன்றுதான், எண்ணம் வேறு.

1954-ல் இந்தியாவும் சீனாவும் பஞ்ச சீலத்தில் கையெழுத்திட்டன. 1955 ஏப்ரலில் இந்தோனேஷியாவிலுள்ள பாண்டுங்கில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் 29 கூடின. 1961-ல் பெல்கிரேடில் அணிசேரா நாடுகளின் முதல் மகாநாடு நடந்தது. பீரங்கி பலத்தில் இந்த நாடுகள் சின்னவை. ஆனால் "உன் முகாமிலும் இல்லை, அவன் முகாமிலும் இல்லை" என்ற ஓர் எண்ணம் அவர்களை நிமிர்ந்து நிற்க வைத்தது. இது பெரிய காரியம். அதே சமயம், இந்தியரும் சீனரும் சகோதரர்கள் என்ற கோஷம் 1962 அக்டோபரில் இமயமலைப் பனியில் உறைந்து போனதையும் மறக்க முடியாது. எல்லைக்கோடு எங்கே என்று தீராமல் இருக்கும்போது, எண்ணம் மட்டும் சுமை தாங்காது.

இவர்களிடம் நாம் கற்க வேண்டியது ஒன்று. பகையை யாரோ செய்கிறார்கள். பத்திரிகையில், பள்ளிப் புத்தகத்தில், டெலிவிஷன் பெட்டியில் செய்கிறார்கள். வங்காளதேசத்துத் தையல்காரி உன் வேலையைப் பறிக்கிறாள் என்று இங்கே சொல்வார்கள். தாம்பரத்துத் தையல்காரி உன் ஆர்டரைப் பறிக்கிறாள் என்று டாக்காவில் சொல்வார்கள். சொல்லுகிறவர்கள் இருவரும் ஒரே கம்பெனிக்குச் சரக்கு கொடுப்பவர்களாகவும் இருக்கலாம்.

பெண்கள் எங்கே என்று கேட்டவர்கள்

ஐந்தாவது பதில் ஒரு கேள்வியாகவே வந்தது. 1989-ல் ஸிந்தியா என்லோ என்ற அமெரிக்கப் பெண்மணி ஒரு புத்தகம் எழுதினார். ராஜதந்திரம் பேசும் புத்தகங்களில் ஜெனரல்கள் இருக்கிறார்கள், மந்திரிகள் இருக்கிறார்கள். பெண்கள் எங்கே என்று கேட்டார். பட்டாளத்து முகாமைச் சுற்றி, வாழைத் தோட்டத்தில், துணி தைக்கும் ஆலையில் அவர்கள் இல்லாமல் உலக அரசியல் ஒரு நாள் ஓடுமா என்று கேட்டார். பெண்ணுக்குக் கூலி குறைத்துக் கொடுக்கலாம், சங்கத்தில் சேராமல் பயமுறுத்தி வைக்கலாம் என்ற துணிச்சலும் அந்த மலிவுச் சட்டையின் விலைக்குள் இருக்கிறது. இதை முதல் நான்கு பேரும், நம்மவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், சரியாகக் கண்ணில் போட்டுக்கொள்ளவில்லை.

இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கத்திலுள்ள ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் ஒருவர் கொலையுண்டார். பெண்கள் தலைமையில் நடக்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் அதை அப்படியே விட்டுவிடவில்லை. ஆசியாவிலும் அமெரிக்காவிலும் உள்ள தொழிலாளர் அமைப்புகளைச் சேர்த்துக்கொண்டு, ஆலையை நடத்தும் ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸ் கம்பெனியையும், துணி வாங்கும் எச் அண்ட் எம் கம்பெனியையும் பேச்சுவார்த்தைக்குக் கொண்டுவந்தது. 2022-ல் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஆலைக்குள் பெண்கள்மீது நடக்கும் வன்முறையைத் தடுப்பது அதன் நோக்கம். அதை மீறினால் வாங்குகிற கம்பெனியும் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்த ஒப்பந்தத்தை எந்த வெளிநாட்டு மந்திரியும் எழுதவில்லை. ஆனாலும் இது சர்வதேச உறவுதான். இதில் பலம் உண்டு: சங்கத்தின் பலம். சட்டம் உண்டு. லாபம் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து போய் அங்கேயே பிடித்த சாமர்த்தியம் உண்டு. கடல் கடந்தவர்களும் நம் ஆட்கள்தான் என்ற எண்ணம் உண்டு. முன்னால் நின்றவர்கள் பெண்கள். ஐந்து கொள்கைகளும் ஒரே இடத்தில் கூடி வேலை செய்ததைத் திண்டுக்கல்லில் பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்

தோழர்களே, எண்ணெய்க்கும் சட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று ஆரம்பித்தோம். பலமுள்ளவன் எளிதாக அடிக்கக் கூடிய இடத்தில் அடித்தான். தடுக்க வேண்டிய சட்டம் முடங்கிக் கிடந்தது. அடியின் வலி லாபத்தில் நிற்காமல் கூலியில் வந்து விழுந்தது. அடி வாங்கியவர்களை ஒருவருக்கொருவர் போட்டியாளராக நினைக்கப் பழக்கியிருந்தார்கள். கடைசி வலி பெண்களின் தலையில். எந்த ஒரு கொள்கையும் தனியாக இதை முழுதாகச் சொல்லாது.

வரி ஏறும், இறங்கும். சர்க்கார்கள் மாறும். நாளைக்கு வேறொரு நாடு, வேறொரு சரக்கு. எந்தச் செய்தி வந்தாலும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து. யார் கையில் பலம்? என்ன சட்டம் இருக்கிறது, அதை யார் மதிக்கவில்லை? லாபம் எங்கே போகிறது, நஷ்டம் யார் தலையில்? யாரை நமக்குப் பகை என்று காட்டுகிறார்கள்? இதில் பெண்கள் எங்கே?

"நாட்டுக்கு நல்லது" என்று யாராவது சொன்னால், நாட்டில் யாருக்கு என்று கேளுங்கள். 1964-ல் மலைத்தோட்டத் தொழிலாளி கேட்பதற்கு முன்பே காகிதத்தில் கையெழுத்தாகிவிட்டது. நாம் அதுவரை காத்திருக்கக் கூடாது.

அடுத்த வகுப்புக்கு வரும்போது ஆளுக்கொரு பத்திரிகைத் துண்டு கொண்டு வாருங்கள். வெளிநாட்டுச் செய்தியாக இருக்க வேண்டும். படிக்கத் தெரியாத தோழர், படிக்கத் தெரிந்த பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வரட்டும். இந்த ஐந்து கேள்விகளையும் அதில் போட்டுப் பார்ப்போம். சிரித்த தோழர் முதலில் பேசட்டும்.